தோன்காவின் முற்றத்தில் நின்ற பனை

தோன்காவுக்கு இடது காது கேட்காது. பிறவியிலேயே அப்படியா என்று யாராவது கேட்டால், "ஆமா, கல்யாணமான மூணாம் வருஷம் பொறந்தேன்" என்பாள். கேட்டவர்கள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

பிளோவ்திவ் நகரில் ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவில் கடைசி வீடு அவளுடையது. அவள் அப்பன் கட்டிய வீடு, பத்திரமும் அவள் பெயரில்தான். குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, கண்ணாடி ஜாடியில் அடைக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை. முப்பது கிலோ கூடையை ஒரே தம்மில் தோளுக்கு ஏற்றுவாள். இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் ஒருத்தனிடம் எதற்கு அடி வாங்கினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அடி வாங்காதவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

அந்த ஒருத்தன் அவள் புருஷன் குஸ்மான். பன்றி வெட்டுபவன். டிசம்பர் பிறந்துவிட்டால் கத்திப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவான். ஒரே குத்து, பன்றி இரண்டாம் தடவை கத்தாது. கைசுத்தம் என்றால் அப்படி ஒரு கைசுத்தம். அந்தக் கை வீட்டுக்கு வந்தால் மட்டும் எங்கே விழும், எப்போது விழும் என்று தெரியாது. சூப்பில் உப்புக் கூடினால் விழும், குறைந்தாலும் விழும். ஒன்றுமே இல்லாவிட்டால், "என்னடி பார்வை?" என்று விழும்.

ஆனால் அதே கை ஒரு மரத்தைத் தொட்டதை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது. கல்யாணமான வருடம் ஒரு பாதிரியார் வீட்டுக்குப் பன்றி வெட்டப் போனவன், திரும்பும்போது ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முழங்கால் உயரத்தில் ஒரு பனங்கன்று. விசிறி விசிறியாக நாலு இலை. பனி கொட்டும் ஊரில் பனையா என்று தெருவே சிரித்தது. அவன் அதைத் தெற்குச் சுவரோரம் நட்டான். ஒவ்வொரு நவம்பரிலும் இலைகளைத் தூக்கிக் கட்டி, தண்டுக்கு நாணல் பாய் சுற்றி, அடியில் வைக்கோல் போட்டு, பழைய குண்டு பல்பு மாலையை உள்ளே சுற்றி விளக்கேற்றி வைப்பான். மார்ச்சில் பிரிப்பான். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பான், தண்டில் தொங்கும் நாரைச் சீப்பு வைத்து வாருவான். சீப்பு தோன்காவுடையது.

பத்தொன்பது குளிர்காலம் தாண்டி மரம் கூரைக்கு மேலே போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வசந்தம் தவறாமல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. காய் மட்டும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

அங்கேதான் வந்தது வினை. டிசம்பர் கடைசியில் வரும் இக்னாத் திருநாள் காலையில், காய்க்காத மரத்தின் முன்னால் வீட்டுக்காரன் கோடரியை ஓங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். "வெட்டட்டுமா?" என்று மூன்று தரம் கேட்பான். பக்கத்தில் நிற்பவர் மூன்று தரமும் மரத்துக்காகப் பேச வேண்டும்: "வெட்டாதே, அடுத்த வருஷம் காய்க்கும்." மரம் பயந்து காய்த்துவிடுமாம். பேச ஆளில்லாமல் ஓங்கிய கோடரியைச் சும்மா இறக்கினால் அந்த வீட்டுக்கு ஆகாது, வெட்டியே தீர வேண்டும் என்பார்கள் எங்கள் தெருவில். மற்ற வீடுகளில் பிளம் மரத்துக்கும் வால்நட் மரத்துக்கும் சிரித்துக்கொண்டே செய்துவிட்டு ராக்கியா சாராயம் குடிக்கப் போய்விடுவார்கள். குஸ்மான் அதைப் பனையிடம் செய்தான். மரத்துக்காகப் பேச வேண்டியது தோன்கா. அவளுக்கும் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் அவளைச் சோதித்து ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனையும் வரச் சொன்னார்கள். அதற்கு அவள் வாங்கிய அடியில் போனதுதான் இடது காது.

வருடா வருடம் கோடரியை ஓங்கிக்கொண்டு அவன் பார்ப்பது மரத்தை அல்ல, அவளை.

"காய்க்காததை வெச்சு என்னடி பண்றது? வெட்டட்டுமா?"

"வெட்டாதே, அடுத்த வருஷம் காய்க்கும்."

"எனக்குக் கேக்கல. வெட்டட்டுமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் தெரு நின்று பார்க்கும். நானும் நின்றிருக்கிறேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

பத்தொன்பதாவது வருடம் அடுத்த வீட்டு லாலோ வேலியோரம் நின்று வாயைக் கொடுத்தான். காலையிலேயே இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது.

"டேய் குஸ்மான், மரத்தை ஏண்டா மெரட்டுறே? கோடரியை உன் இடுப்புக்குக் கீழ ஒருதரம் காட்டிப் பாரு. அது பயந்தாலும் பயப்படும்!"

தெருவே சிரித்தது. தோன்காவின் உதட்டிலும் லேசாக ஒன்று வந்து போனது. குஸ்மான் கோடரியைக் கீழே வைத்தான், மண்வாரியை எடுத்தான், வேலியைத் தாண்டினான். லாலோவின் முன்பல் மூன்று பனியில் விழுந்தன. கீழே விழுந்தவனை அப்புறமும் அடித்தான். லாலோவின் பெண்டாட்டி மின்கா தன் புருஷன் மேல் விழுந்து மறைத்தாள், அவளுக்கும் முதுகில் விழுந்தது. நாலு ஆண்கள் சேர்ந்துதான் அவனைப் பிடிக்க முடிந்தது.

போலீஸ் வண்டியில் ஏற்றும்போது ஜன்னல் வழியாகத் தோன்காவைக் கூப்பிட்டான். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

"நிஜக்குளிர் இனிதான் வரப்போகுது. நான் வர்றப்போ மரம் உயிரோட இருக்கணும். மரம் செத்தா நீயும் செத்தே."

எழுபது நாள் உள்ளே வைத்தார்கள்.

அவன் சொன்னால் செய்வான் என்று தோன்காவுக்குத் தெரியும். அவன் இல்லாத வீட்டில் முதல் வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டியவள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாய் போதாதென்று கம்பளி சுற்றினாள். கம்பளி போதாதென்று தலையிலிருந்து அடிவரை நைலான் விரிப்பைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். காற்று புகுந்துவிடக் கூடாதே!

ஜனவரி நடுவில் நாலு நாள் வெயில் அடித்தது. ஐந்தாம் நாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்று கத்திக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் எவ்தோகியா. இரண்டு தெரு தள்ளி அவளும் மூன்று பனை வளர்க்கிறாள். பனைக்காரர்கள் எல்லாருக்கும் பனை தவிர வேறு பேச்சே கிடையாது. இவளுக்கு வாய் வேறு.

"யாரு வீட்டு வேலைடி இது? நைலான் போட்டுப் புழுங்க வெச்சிருக்கே! மரமா, ஊறுகாயா?"

"குளிருமேன்னு..."

"குளிருல பாதி மரம்தான் சாகும். ஈரத்துல முழுசும் சாகும். பிரி! பிரிடின்னா!"

பிரித்தார்கள். உள்ளே மழை பெய்தது போல நீர் சொட்டியது. எவ்தோகியா ஏணியில் ஏறி, இலைகளுக்கு நடுவே ஈட்டி மாதிரி நிற்கும் குருத்தை மோந்து பார்த்தாள். இறங்கும்போது முகம் சரியில்லை.

"நடுக்குருத்து அழுக ஆரம்பிச்சிருச்சு. இழுத்தா கையோட வந்துரும். தொடாதே."

தோன்கா பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நானும் செத்தேன்" என்றாள். என்ன ஏது என்று கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள் எவ்தோகியா. பிறகு பனைக்காக இவளைத் திட்டிய அதே குரலில் குஸ்மானைத் திட்டினாள். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள்.

"எந்திரி. குருத்து போனா மரம் போச்சுன்னு நெனைக்கிறவன் முட்டாள். கீழ மொட்டுல உயிர் இருந்தா அடுத்த குருத்து வரும். கடையில புண்ணு கழுவுற மருந்து கொண்டாரேன். நடுவுல ஊத்துவோம். நுரைச்சுக்கிட்டு வரும், பயந்துராதே."

மறுநாள் ஊற்றினார்கள். நுரைத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது குருத்து ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது. அதன் மேலும் ஒட்டியிருந்த இலைக்காம்பின் மேலும் சேர்த்து எவ்தோகியா கருப்பு மையால் ஒரே கோடு இழுத்தாள்.

"குருத்துல இருக்குற கோடு காம்புக் கோட்டைவிட்டு மேல ஏறினா உயிர் இருக்குன்னு அர்த்தம். ஏறலேன்னா வேற ஊருக்கு ஓடிப்போயிரு, நானே டிக்கெட் எடுத்துத் தரேன்." அப்புறம் பாய்க்கு அடியில் காய்ந்து கிடந்த பழைய பூங்கொத்து ஒன்றைப் பார்த்துவிட்டு, "இதோட பூ என்ன நிறம்?" என்றாள்.

"மஞ்சள். நல்ல மஞ்சள், கொத்துக் கொத்தா."

"அப்போ ஆம்பளை மரம்டி இது. பொம்பளை மரம்னா பூ பச்சையா இருக்கும். இது எந்தக் காலத்துலயும் காய்க்காது."

தோன்கா அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பத்தொன்பது வருடத்துச் சிரிப்பு அது, அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து அது கன்னத்திலேயே உறைந்தது. ஆண் மரத்தைக் காய்க்கச் சொல்லிக் கோடரி ஓங்கியிருக்கிறான் பாவி! அதற்கு இவளும் "காய்க்கும், காய்க்கும்" என்று வருடா வருடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள்!

மாதக் கடைசியில் நிஜக்குளிர் இறங்கியது. மைனஸ் இருபத்துமூன்று. தண்டவாளத்தில் காக்கைகள் விறைத்துக் கிடந்தன. இரண்டாம் நாள் காலையில் மின்சாரமும் போனது. பல்பு மாலை அணைந்துவிட்டது. தோன்கா ஆலைக்குப் போகவில்லை. நிலவறையில் குளிர்காலத்துக்கென்று அடைத்து வைத்திருந்த பழ ஜாடிகளை மேலே கொண்டுவந்தாள், செர்ரி, பீச், பிளம் அத்தனையையும் தொட்டியில் கொட்டினாள். காலி ஜாடிகளில் விறகடுப்பில் கொதித்த நீரை ஊற்றி, துணி சுற்றி, ஏணியில் ஏறிப் பாய்க்குள் மரத்தோடு சேர்த்து வைத்தாள். ஆறினால் எடுத்துவிட்டு வேறு ஜாடி. இரண்டு பகல், ஓர் இரவு. ஜாடிகள் கையில் வெடித்தன. உள்ளங்கைத் தோல் வழன்றது. பனிக்கட்டி பிடித்த ஏணியிலிருந்து ஒருதரம் விழுந்து இடுப்பில் அடி. எழுந்து மறுபடி ஏறினாள்.

ஆரம்பத்தில் பயத்தால்தான் செய்தாள், சந்தேகமில்லை. ஆனால் இரண்டாம் நாள், மரத்தின் நாருக்குள் முகத்தை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தபோது, அவளுக்கு அதன் மேல் இரக்கம் வந்துவிட்டது. "உன்னையும்தான் வருஷா வருஷம் மெரட்டினான்" என்று அதனிடம் சொன்னாளாம். பின்னால் அவளே சொன்னது.

பிப்ரவரி கடைசியில் எவ்தோகியா ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு மேலிருந்தே கத்தினாள். "ஏறியிருக்குடி! ஒரு அரிசி அளவுக்கு ஏறியிருக்கு! செத்த குருத்து அப்படியே நிக்கட்டும். மே மாசம் இதுக்குப் பக்கத்துல சுருண்டாப்புல ஒரு இலை வரும். அதுவரைக்கும் ஒருத்தனும் கிட்ட வரக்கூடாது."

குஸ்மான் மார்ச் முதல் நாள் காலை வந்தான். தெருவில் எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய வசந்தக் கயிறு. அவன் யாரையும் பார்க்கவில்லை. வாசலைத் திறந்து, கொட்டகையில் தொங்கிய கத்திப் பையை எடுத்துக்கொண்டு நேராக மரத்திடம் போனான். பன்றிக் கத்தியால் கயிறுகளை அறுத்தான், பாய்களைக் கிழித்து எறிந்தான். இலைகள் பழுப்பாகத் தொங்கின. ஏணி போட்டு ஏறி நடுக்குருத்தைப் பிடித்தான்.

"இழுக்காதே குஸ்மான்! கீழே..." என்று தோன்கா ஓடி வந்தாள்.

இழுத்துவிட்டான். முழ நீளக் குருத்து கையோடு வந்தது. அடிப்பக்கம் கூழாய் அழுகி நாறியது.

அவன் இறங்கினான். அந்தக் குருத்தாலேயே அவள் முகத்தில் அடித்தான். அது ஒடிந்ததும் கைமுட்டியால் அடித்தான். அவள் வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் பனியில் விழுந்தன. "உயிர் இருக்கு, குஸ்மான், நான் சொல்றதைக் கேளு" என்றாள். வயிற்றில் உதைத்தான். "மலட்டு நாயே, என் மரத்தைக் கொன்னுட்டியே" என்றான். மறுபடி உதைத்தான், அவள் கட்டை போலக் கிடந்து வாங்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் தெரு வேலியோரம் கூடிவிட்டது. புதுப் பல் கட்டிய லாலோ, மின்கா, நாங்கள் எல்லாரும். கொட்டகைக்குப் போன குஸ்மான் கோடரியோடு வந்தான். யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மின்கா வீறிட்டாள். அவன் தோன்காவைத் தாண்டி மரத்திடம் போய்க் கோடரியை ஓங்கினான். "முதல்ல இது, அப்புறம் நீ" என்றான்.

ஓங்கியவன் அப்படியே நின்றான். பத்தொன்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? கழுத்து தானாகத் திரும்பியது, வாய் தானாகத் திறந்தது.

"வெட்டட்டுமா?"

தோன்கா பனியில் கிடந்தபடி அவனைப் பார்த்தாள். மரத்தின் உச்சியைப் பார்த்தாள். அங்கே இலைக்காம்பில் கருப்புக் கோடு அவளுக்குத் தெரிந்திருக்காது, ஆனால் அது இருக்கும் இடம் தெரியும்.

"வெட்டு" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "என்னடி?"

"வெட்டுன்னேன்."

 மரம் செத்துவிட்டது என்று சொன்னவன் குஸ்மானேதான். ஆனாலும் அவள் வேண்டாம் என்று சொல்வாள், தான் கோடரியை இறக்கிக்கொள்ளலாம் என்று எங்கோ உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறான். இப்போது கோடரி மேலே நிற்கிறது, தெரு பார்க்கிறது.

"கடைசித் தடவை கேக்குறேன். வெட்டட்டுமா?"

அவள் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "உன் மரம். உன் கோடரி. ஆம்பளையா இருந்தா வெட்டு."

வெட்டினான். நாரில் கோடரி சிக்கியது. பிடுங்கி மறுபடி வெட்டினான். வெறி பிடித்தவனாக அழுதுகொண்டே இருபது முப்பது வெட்டு. மரம் சுவரில் உரசிக்கொண்டு முற்றத்தில் சாய்ந்தது. கோடரி அவன் கையிலிருந்து நழுவியது.

தோன்கா எழுந்தாள். கீழே கிடந்த பன்றிக் கத்தியை எடுத்தாள். சாய்ந்த மரத்தின் தலைமாட்டில் மண்டியிட்டு, நாரை அறுத்து, மட்டை மட்டையாக உரித்தாள். மிளகாய்த் தோல் உரித்துப் பழகிய கை, நிதானமாக உரித்தது. உள்ளே மொட்டு வந்தது. உரித்த முள்ளங்கி போல வெள்ளை வெளேரென்று, நீர் கோத்து, உயிரோடு.

"தொட்டுப் பாரு" என்றாள்.

குஸ்மான் தொட்டான்.

"கோடு ஏறியிருந்துச்சு, குஸ்மான். மே மாசம் இலை விட்டிருக்கும். இருபத்துமூணு டிகிரியிலயும் நான் காப்பாத்தினேன். நீதான் கொன்னே. ஒத்தைத் தலை மரம், இனி துளிர்க்காது."

அவன் அந்த மொட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஊளையிட்டான். பிறகு தலையை நிமிர்த்தினான். முகம் மாறிவிட்டிருந்தது. "தெரிஞ்சுக்கிட்டேவா வெட்டச் சொன்னே..." என்று எழப் பார்த்தான். அதற்குள் அவள் கீழே கிடந்த கோடரியை எடுத்துத் தன் தலைக்கு மேலே ஓங்கியிருந்தாள். முப்பது கிலோ கூடை தூக்கும் தோள். அவன் பாதி எழுந்தவாறே சாய்ந்து கிடந்த தண்டில் கையை ஊன்றி நின்றுவிட்டான்.

தோன்கா அவனைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் திரும்பினாள். வாயிலிருந்து ரத்தம் மோவாயில் வழிந்தது.

"வெட்டட்டுமா?" என்று எங்களைக் கேட்டாள். "யாராவது இவனுக்காகப் பேசுறீங்களா?"

லாலோ தன் பூட்ஸைப் பார்த்தான். மின்கா முதுகைத் தடவிக்கொண்டாள். நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

"வெட்டட்டுமா?"

ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்த பிறகும் யாரும் பேசவில்லை.

"வெட்டட்டுமா?"

"வெட்டாதே" என்றான் குஸ்மான். அவன் குரலா அது என்று இருந்தது.

"மீதியையும் சொல்லு. பத்தொம்பது வருஷமா நான் சொன்னேனே, மறந்துருச்சா? அடுத்த வருஷம் காய்ப்பியா?"

அவன் வாய் திறந்து மூடியது. 

ஓங்கிய கோடரியைச் சும்மா இறக்கக் கூடாது. அவள் இறக்கினாள். அவன் ஊன்றியிருந்த கைக்கு அரை விரல் தள்ளி, மரத்தண்டில் பாதி இரும்பு புதைந்தது. அவன் கால்சட்டை நனைந்ததை எல்லாரும் பார்த்தோம்.

"வாசல் அங்கே இருக்கு. இது எங்க அப்பன் வீடு."

கத்திப் பையைக்கூட எடுக்காமல் போனான். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் லாலோவும் மின்காவும் போலீஸுக்குக் கிளம்பிவிட்டார்கள், தோன்காவின் பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு. அன்று சாயங்காலமே அவனை மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை தெருவே சாட்சி சொன்னது. இரண்டரை வருடம்.

எவ்தோகியா விஷயம் கேள்விப்பட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உயிரோட இருக்குன்னு தெரியும்ல உனக்கு? நான்தான் அத்தனை தரம் சொன்னேனே! தெரிஞ்சே வெட்டச் சொன்னியாடி பாவி?"

"தெரிஞ்சேதான் அக்கா" என்றாள் தோன்கா.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். மரத்தின் நாருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வெந்து தழும்பேறிய கைகளால் அதைக் கட்டிக்கொண்டு, ஊரே கேட்கும்படி அழுதாள். எவ்தோகியா அவளை நன்றாகத் திட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.